கோப்பாய்ப் பக்கம் காணி அளக்க வேண்டும்: லைசென்ஸ் உள்ள சேவையரை வெளிநாட்டில் இருந்தபடி எப்படிப் பிடிப்பது?

நல்லதண்ணிக்கிணறு (ஸ்காபரோ) | 2 மார்ச், இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் சீதனக் காணி யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு உறுதி (காணிப் பத்திரம்). அதில் 3 பரப்பு 9 குழி (எங்கள் ஊர்க் காணி அளவு) என்று போட்டிருக்கிறது. அம்மா போன பிறகு காணி என் பெயருக்கு வந்துவிட்டது. வீட்டில் சின்னம்மாவும் அவருடைய மகனும் இருக்கிறார்கள்.

போன கிழமை தம்பி படம் அனுப்பினான். கிழக்குப் பக்கத்துக் காணிக்காரர் கிளுவை வேலியை வெட்டிவிட்டு மதிலுக்கு அத்திவாரம் வெட்டுகிறார். பின்பக்கத்தில், அதாவது தெற்கு மூலையில் தொடங்கியிருக்கிறார். அந்த வெட்டு எங்கள் பக்கம் தள்ளி வருகிறது என்று சின்னம்மா அழுகிறார். தம்பி டேப் பிடித்து நாலு பக்கமும் அளந்து பெருக்கிப் பார்த்தான், கிட்டத்தட்ட உறுதியில் உள்ள அளவுதான் வருகிறது என்கிறான். அப்படியென்றால் சின்னம்மா சொல்வது பிழையா?

சேவையர் (நில அளவையாளர்) ஒருவரைப் பிடித்து அளக்கலாம் என்று நினைக்கிறேன். என்ன கேட்க வேண்டும், என்ன கொடுக்க வேண்டும், நான் அங்கே நிற்க வேண்டுமா, என்ன செலவாகும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சுன்னாகம் சந்தை | 2 மார்ச், இரவு 11.02

தங்கச்சி, முதலில் அத்திவாரத்தை நிறுத்தப் பாருங்கள். கொங்கிறீற் போட்ட பிறகு அளந்து என்ன பிரயோசனம்? தம்பியை நேரே போய், "அண்ணை, ரெண்டு கிழமை பொறுங்கோ, சேவையர் வாறார், செலவு எங்கட" என்று சொல்லச் சொல்லுங்கள். சத்தம் போடாமல். அரைவாசிச் சண்டை அந்த ஒரு வசனத்தில் முடியும். கேட்காவிட்டால் பிறகு கிராம சேவையாளர், மத்தியஸ்த சபை என்று போகலாம். யாழ்ப்பாணத்தில் காணிப் பிரச்சினைக்கென்றே விசேட மத்தியஸ்த சபையும் இருக்கிறது.

---

பழைய சங்கிலி | 3 மார்ச், காலை 6.20

நான் தியத்தலாவையில் நில அளவை படித்துவிட்டு நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்தவன். பிறகு தனியாகவும் அளந்தேன். இப்போது ஓய்வு. இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம், ஆள் யார் என்று பாருங்கள். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டத்துக்குப் பிறகு தனியார் காணி அளக்கிறவர் நில அளவைப் பேரவையில் பதிவு செய்திருக்க வேண்டும். அதோடு அந்தந்த வருடத்துக்கு அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும். பதிவு வேறு, வருட அனுமதி வேறு. "இந்த வருடத்து லைசென்சைக் காட்டுவீர்களா ஐயா" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல சேவையர் கோபிக்க மாட்டார். கோபித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இரண்டாவது, அவர் கையில் என்ன கொடுக்கிறீர்கள் என்பது. சனம் உறுதியின் போட்டோப் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டு "அளந்து சொல்லுங்கோ" என்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பழைய உறுதிகளில் அடிக்கணக்கு இருக்காது. கிழக்கு இன்னார் உரித்து, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாரின் பிள்ளைகள், தெற்கு தோட்டம். இவ்வளவுதான். பரப்பளவு கடைசியில் ஒரு வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு நிலத்தில் கோடு போட ஏலாது. எனக்கு 3 பரப்பு 9 குழியைச் சதுரமாகவும் வெட்டித் தர முடியும், வாழைத்தண்டு மாதிரி நீட்டாகவும் வெட்டித் தர முடியும். இரண்டுமே உறுதிக்குச் சரியாக இருக்கும்.

அதனால் தேட வேண்டியது பழைய பிளான். உறுதியின் அட்டவணையை மெதுவாக வாசியுங்கள். "இன்ன திகதி, இன்ன இலக்கப் பிளானில் இன்ன துண்டு" என்று எங்கேயாவது ஒரு வரி ஒளிந்திருக்கும். உங்கள் உறுதியில் இல்லாவிட்டால் அதற்கு முந்தின உறுதியில் பாருங்கள். அதிலும் இல்லாவிட்டால் பக்கத்துக் காணிக்காரருடையதில். இதற்குத் தான் காணிப் பதிவகத்தில் தோம்பு (பழைய காணிப் பதிவேடு) பார்ப்பது. பிளானின் கீழே சேவையரின் பெயரும் இலக்கமும் இருக்கும். அவர் செத்துப்போயிருந்தாலும் அவருடைய பிளான் கட்டு யாரிடம் போனது என்று இங்குள்ள மற்றச் சேவையர்மாருக்குத் தெரியும்.

தம்பியின் டேப் கணக்கு பற்றி: நாலு பக்கத்தை அளந்து பெருக்கினால் வருவது இன்றைக்கு வேலிக்குள் இருக்கிற நிலம். உங்கள் நிலம் எது என்று அது சொல்லாது. ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடியிருந்தால் தொகை சரியாகத்தான் வரும். சின்னம்மா சொல்வதும் தம்பி சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம்.

செலவை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கு அதைக் காட்டிச் சேவையரோடு சண்டை பிடிப்பீர்கள். காணியின் அளவு, பழைய பிளானோடு பொருத்த வேண்டுமா, எத்தனை கல் போட வேண்டும், ஒரு தடவையா இரண்டு தடவையா வர வேண்டும், எல்லாம் சேர்ந்துதான் தொகை. பேசும்போது ஒன்றைக் கேளுங்கள்: "இந்தக் காசுக்குள் கல் போடுவதும் பிளான் பிரதிகளும் அடங்குமா?" பிறகு வருகிற மனஸ்தாபத்தில் முக்கால்வாசி இதில்தான்.

---

வட்டக்கச்சி வயல் | 3 மார்ச், காலை 9.48

ஐயா சொன்ன முதல் விஷயத்துக்கு நான் சாட்சி. ஆறு வருடத்துக்கு முந்தி வீட்டுக் கடனுக்குப் பிளான் தேவைப்பட்டது. சொந்தக்காரர் ஒருவர் ஆளைக் கூட்டிவந்தார். டேப்பும் நோட்டுப்புத்தகமும்தான். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது, நாலாம் நாள் கொம்பியூட்டரில் கீறின வடிவான பிளான். நிறம் எல்லாம் போட்டிருந்தது. வங்கியில் அந்தப் பிள்ளை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "சேவையரின் பதிவு இலக்கம் எங்கே?" என்றது. எங்கேயும் இல்லை. அவர் ஒரு சேவையரிடம் பிளான் கீறுகிற வேலை பார்த்தவராம். அளக்கும் உரிமை இல்லை. கொடுத்த காசு போனது, கடன் மூன்று மாதம் தள்ளிப்போனது. இரண்டாவதாக வந்தவர் அளந்தபோது மேற்கு எல்லை ஏழு அடி வித்தியாசம்.

---

குழிக்கணக்கு | 3 மார்ச், பகல் 1.30

நல்லதண்ணி அக்கா, உறுதியில் பரப்புக்குப் பக்கத்தில் வரகு என்று இருக்கிறதா நெல் என்று இருக்கிறதா? சிரிக்காதீர்கள், இதில் கை சுட்டவன் நான்.

வரகுப் பரப்பு என்றால் 18 குழி. 16 பரப்பு ஓர் ஏக்கர். அதாவது பரப்புக்கு 10 பேர்ச் (ஏக்கருக்கு 160 பேர்ச்). நெற்பரப்பு என்றால் 12 குழி. 24 பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். குழி மாறாது, பரப்புத்தான் மாறும். எப்படிப் பார்த்தாலும் ஏக்கருக்கு 288 குழி.

தென்மராட்சியில் ஒரு வயல்துண்டு வாங்கினேன். 12 பரப்பு. மனக்கணக்கில் 120 பேர்ச் என்று போட்டுக் காசு கட்டினேன். சேவையர் அளந்துவிட்டு 80 பேர்ச் என்றார். அவரோடு சண்டைக்கே போனேன். அந்த மனிசன் உறுதியைத் திருப்பி, "தம்பி, இந்தச் சொல்லை வாசியும்" என்று விரலை வைத்தார். நெல். அரை ஏக்கர்தான் எழுதியிருந்தது, அரை ஏக்கர்தான் நிலத்தில் இருந்தது. காணியில் ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

---

நல்லதண்ணிக்கிணறு | 3 மார்ச், இரவு 9.05

நன்றி எல்லோருக்கும். வரகுதான். அப்படியென்றால் 35 பேர்ச், சரியா? தம்பி பக்கத்து அண்ணையோடு பேசினான். அவர் முதலில் "என்ர காணிக்குள்ள நான் வெட்டுறன்" என்று கத்தினாராம். செலவு எங்களுடையது என்றதும் இரண்டு கிழமை பொறுக்கிறேன் என்றிருக்கிறார். இருபது அடி வரை வெட்டியாகிவிட்டது, இன்னும் கொங்கிறீற் போடவில்லை.

உறுதியில் பிளான் இலக்கம் ஒன்றும் இல்லை. சின்னம்மா பெட்டியைக் கிண்டுகிறார்.

---

லண்டன் பொடியன் | 3 மார்ச், இரவு 11.40

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்? சேவையரைச் சத்தமில்லாமல் கூட்டிப்போய் அளந்து பிளானைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு பேசுங்கள். இல்லாவிட்டால் அவன் உஷாராகிவிடுவான். இன்னொன்று, இப்போது போனிலேயே செய்மதிப் படம் வருகிறது. நான் எங்கள் காணியை அதில் கோடு போட்டு அளந்தேன். ஐந்து நிமிடம், ஒரு சதம் செலவில்லை.

---

பழைய சங்கிலி | 4 மார்ச், காலை 5.55

லண்டன் தம்பி, போனில் அளக்கிறது பனை எத்தனை நிற்கிறது என்று பார்க்க நல்லது. போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீற்றர் பிசகும். மாமரத்துக்குக் கீழே நின்றால் கேட்கவே வேண்டாம். சண்டை நடப்பதோ அடிக்கணக்கில். செய்மதிப் படத்தில் உங்களுக்குத் தெரிவது வேலியின் தலை. பூவரசின் கொப்பு ஐந்தடி அங்காலே சாய்ந்து நிற்கும். எல்லை மண்ணுக்குள் இருக்கிறது.

சத்தமில்லாமல் அளக்கிற கதை. அப்படி அளந்த பிளான்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒருவர் ஒரு பிளான் கொண்டுவருவார், மற்றவர் இன்னொரு பிளான் கொண்டுவருவார். இரண்டு சேவையர்மாரும் அளந்தது சரி, இரண்டு பேருக்கும் எல்லை காட்டிய ஆள்தான் வேறு வேறு. சேவையர் வந்து முதலில் கேட்பது "எல்லையைக் காட்டுங்கோ" என்றுதான். நீங்கள் மட்டும் நின்று காட்டினால் அது நீங்கள் சொன்ன எல்லை. பக்கத்துக்காரரும் நின்று, தன் உறுதியையும் கொண்டுவந்து, "இதுதான் என்ர பக்கம்" என்று அவர் வாயால் சொன்னால், இரண்டு கதைக்கும் இடையில் எத்தனை அடி வித்தியாசம் என்றாவது தெரியும். வராமல் விட்டால், அழைத்தும் வரவில்லை என்பதையும் சேவையர் குறித்துக்கொள்ளலாம்.

நல்லதண்ணி பிள்ளைக்கு: 35 பேர்ச் சரி. சதுர அடியில் ஏறத்தாழ 9,529.

---

கறுப்புக்கோட்டு | 4 மார்ச், காலை 8.10

சட்டப் பக்கத்தில் இரண்டு சொல்.

பிளான் உரித்தைத் தராது. உரித்து உறுதியில் இருந்து வருகிறது. பிளான் அந்த உரித்து நிலத்தில் எங்கே கிடக்கிறது என்று காட்டும். "சேவையர் எங்களுக்குத் தந்தார்" என்று யாராவது சொன்னால் அது பிழையான பேச்சு. அவர் நீதவானும் அல்ல. எல்லைத் தகராறு இணக்கத்தில் முடியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே நீதிமன்றம் கட்டளை கொடுத்து ஒரு சேவையரை அனுப்பும். உங்களுக்குள் பேசி அளந்த பிளானுக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு.

அடுத்தது பத்து வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல், உங்களுக்கு எதிராக, தன்னுடையது என்று ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் வேலி சும்மா அசைந்ததால் மட்டும் அது வந்துவிடாது, கேட்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். போரினால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. அது யாருக்குப் பொருந்தும், வழக்குப் போட எவ்வளவு காலம் என்பதை உங்கள் திகதிகளோடு ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள். இங்கே கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

நீங்கள் நேரில் வரத் தேவையில்லை. சேவையருக்கு எழுத்தில் அறிவுறுத்தல் கொடுக்கலாம். ஆனால் எல்லை பற்றி உடன்படிக்கை எழுதும் நிலை வந்தால் தம்பி உங்களுக்காகக் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் வேண்டும். அதைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பி, இங்கே பதிய வேண்டும். அதற்கே நாள் எடுக்கும், இப்போதே தொடங்குங்கள்.

---

மயிலிட்டிக் கடல் | 4 மார்ச், மாலை 6.33

நீங்கள் எல்லோரும் வேலி அசைந்த கதை பேசுகிறீர்கள். எங்களுக்கு வேலியே இல்லை.

1990இல் போரினால் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். 2017இல் மயிலிட்டியில் ஒரு பகுதியை இராணுவம் விட்டபோது போய்ப் பார்த்தால் ஒழுங்கையும் இல்லை, வீடும் இல்லை. புல்டோசர் போட்டு எல்லாம் மட்டம். அதற்கு மேலே பற்றை. அப்பா நடுவில் நின்றுகொண்டு நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "வடக்கு எது?" என்று கேட்டார். கடல் சத்தம் கேட்கிற பக்கம்தான் வடக்கு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டார்.

நாங்கள் செய்தது இதுதான். ஒழுங்கையில் இருந்த ஐந்து குடும்பமும் சேர்ந்து ஒரு சேவையரைப் பிடித்தோம். ஒவ்வொருவரும் தனித்தனியே பிடித்திருந்தால் ஐந்து பிளானும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இரண்டு குடும்பத்திடம் பழைய பிளான் இருந்தது. சேவையர் கேட்டது ஒன்றுதான்: "அசையாத சாமான் என்ன இருந்தது?" கோயில் அத்திவாரம் ஒன்று. அப்புறம் கிணறுகள். கிணற்றுக்குள் மண் தள்ளியிருந்தார்கள், ஆனால் வட்டம் மண்ணுக்குள் இருந்தது. இரண்டு நாள் பற்றை வெட்டி மூன்று கிணறு கண்டுபிடித்தோம். எங்கள் கிணற்றுக்கட்டில் அண்ணா சின்ன வயதில் ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறின பெயர் அப்படியே இருந்தது. அதிலிருந்து அளந்துதான் ஐந்து காணியும் வந்தது.

அக்கா, உங்கள் காணியில் பழைய கிணறு இருந்தால் அதைத் தூர்க்க விடாதீர்கள்.

---

நல்லதண்ணிக்கிணறு | 9 மார்ச், இரவு 10.50

மயிலிட்டி அண்ணா, வாசித்துவிட்டு அன்றைக்கு ஒன்றும் எழுத முடியவில்லை. கிணறு இருக்கிறது. மேற்கு எல்லையில், பக்கத்து வீட்டோடு பங்கு. உறுதியிலும் "கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு" என்று இருக்கிறது.

செய்தி: பிளான் கிடைத்துவிட்டது! சின்னம்மாவின் பெட்டியில் இல்லை. மேற்குப் பக்கத்து ஆச்சியிடம், அவருடைய உறுதியோடு மடித்து வைத்திருந்தார். 1961. அப்போது மூன்று காணியும் ஒரே காணியாக இருந்து பிரித்திருக்கிறார்கள். துணி ஒட்டின தாள், மடிப்பில் கிழிந்திருக்கிறது. எங்கள் துண்டில் 179, 122 என்று எழுதியிருக்கிறது. இது என்ன அடியா?

---

பழைய சங்கிலி | 10 மார்ச், காலை 6.05

அடி இல்லை பிள்ளை, லிங்க். சங்கிலி ஒன்று 66 அடி, அதில் 100 லிங்க். ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் காணி தெற்கு வடக்காக 118 அடி, கிழக்கு மேற்காக 80 அடி சொச்சம். பெருக்கினால் 35 பேர்ச் வருகிறது. உறுதியும் பிளானும் ஒத்துப்போகின்றன, இது எல்லோருக்கும் வாய்க்காது.

இப்போது சேவையர் பழைய பிளானைப் புதிய அளவின் மேல் ஏற்றிப் பார்ப்பார். கிணறும் ஒழுங்கை மூலையும் இரண்டிலும் இருந்தால் பொருத்தலாம். ஆச்சிக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுங்கள். மூலப் பிளானை யாருக்கும் கையில் கொடுக்க வேண்டாம், பிரதி எடுத்துக் கொடுங்கள்.

---

நல்லதண்ணிக்கிணறு | 14 ஏப்ரல், இரவு 1.20

புதுவருட வாழ்த்துகள். அளந்தாகிவிட்டது. நித்திரை வரவில்லை, அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

சேவையரை ஆச்சியின் மருமகன் சொன்ன ஆள் மூலம் பிடித்தோம். இந்த வருட அனுமதிப்பத்திரத்தைத் தம்பி கேட்டான். அவர் சிரித்துக்கொண்டு பையில் இருந்து எடுத்துக் காட்டினார். காலை எட்டரைக்குத் தொடங்கினார்கள், எனக்கு இங்கே இரவு பதினொன்று. வட்சப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று காலில் அந்தக் கருவி, ஒரு பொடியன் உச்சியில் கண்ணாடி வைத்த கம்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கும் ஒழுங்கைக்கும் ஓடுகிறான். கிழக்குப் பக்கத்து அண்ணையும் உறுதியோடு வந்து கதிரை போட்டு இருந்தார். ஒரு சொல் பேசவில்லை. தேத்தண்ணி கொடுத்தபோது வாங்கிக் குடித்தார்.

முதலில் கிணறு, மேற்கு எல்லை, ஒழுங்கை மூலை எல்லாம் எடுத்தார்கள். பிறகு சேவையர் வடகிழக்கு மூலையில் ஒரு இடத்தைக் காலால் காட்டி "இதில கிண்டுங்கோ" என்றார். தம்பி அலவாங்கு போட்டான். கிளுவை வேர். இன்னும் கொஞ்சம். ஒன்றரை அடி ஆழத்தில் "டங்" என்று கேட்டது. எனக்கு இங்கே கேட்டது! மண்ணைத் தட்டினால் சீமெந்துக் கல், தலையில் ஒரு குறுக்குக் கோடு. 1961ஆம் ஆண்டுக் கல்.

நான் சந்தோஷத்தில் கத்தினேன். சேவையர் போனைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்: "தங்கச்சி, கல்லு உங்கட வேலிக்கு உள்ளுக்க நிக்குது. அப்ப வேலி எங்க நிக்குது?"

ஒழுங்கைக்குள். ஒன்றரை அடி, எண்பது அடி நீளத்துக்கும். அப்பா எண்பதுகளில் முன்வேலியை எடுத்துவிட்டுத் தகரம் அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது நாங்கள் எல்லோரும் கதியால் (வேலித் தடி) பிடித்தோம். நானும் பிடித்தேன்.

கிழக்கில் சின்னம்மா சொன்னது சரி. வடக்கு மூலையில் வேலி கல்லோடு நிற்கிறது, அங்கிருந்து தெற்கே போகப் போக எங்கள் பக்கம் வளைந்து கடைசியில் நாலு அடி உள்ளே. ஆப்பு மாதிரி. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் பழைய கதியாலுக்கு உள்ளே புதுக் கதியால். பின்பக்கம், யாரும் பார்க்காத பக்கம். கிழக்கில் போனது 236 சதுர அடி, ஒன்றரைக் குழி. ஒழுங்கையில் அப்பா எடுத்தது 120 சதுர அடி, முக்கால் குழி. அதனால்தான் தம்பியின் டேப்பில் அரைப் பேர்ச்சும் குறையவில்லை. சங்கிலி ஐயா முதல் நாளே சொன்னார்.

பக்கத்து அண்ணை அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் நாலடி விடுறன். நீங்க ஒழுங்கையை விடுவீங்களோ?" என்றார். தம்பி என்னைப் பார்க்கிறான், போனில். சின்னம்மா உள்ளே போய்விட்டார்.

விடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

---

சுன்னாகம் சந்தை | 14 ஏப்ரல், காலை 11.00

சரியாகச் சொன்னீர்கள். அந்த ஒழுங்கையால் நாளைக்கு உங்கள் வீட்டுக்குத்தான் அம்புலன்ஸ் வர வேண்டும்.

---

லண்டன் பொடியன் | 14 ஏப்ரல், மாலை 3.15

நாலடியை வாங்குங்கள், ஒன்றரை அடியைப் பற்றிப் பேசாதீர்கள். ஒழுங்கையை யார் கேட்டது? நாற்பது வருடமாக நிற்கிற வேலி, பத்து வருடச் சட்டம் உங்களுக்கும்தானே?

---

கறுப்புக்கோட்டு | 14 ஏப்ரல், இரவு 7.45

தம்பி, பொதுப் பாதையில் அந்தச் சட்டத்தை நம்பிப் போகாதீர்கள். அதோடு புதிய பிளானில் சேவையர் கண்டதைக் கண்டபடி கீறுவார், வேலி ஒழுங்கைக்குள் நிற்பதும் அதில் வரும். நாளைக்கு இந்தக் காணியில் வீடு கட்டப் பிரதேச சபைக்கு அதே பிளானைத்தான் கொடுக்கப் போகிறீர்கள்.

நல்லதண்ணி அவர்களுக்கு: வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள், போதாது. காணி உரித்தைத் தொடுகிற உடன்படிக்கை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும், 1840ஆம் ஆண்டில் இருந்து அதுதான் சட்டம். புதிய பிளானின் இலக்கத்தையும் திகதியையும் அதில் குறிப்பிட்டு, பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். அற்றோணித் தத்துவம் வந்துவிட்டதா?

---

நல்லதண்ணிக்கிணறு | 14 ஏப்ரல், இரவு 11.30

வந்துவிட்டது, பதிந்தாகிவிட்டது. அடுத்த கிழமை நொத்தாரிசிடம் போகிறார்கள்.

---

பழைய சங்கிலி | 15 ஏப்ரல், காலை 6.10

புதுக் கல் போடும்போது தம்பியை நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். கல் மட்டும் தெரிகிற படம் உதவாது. பின்னால் கிணறு, வீட்டு மூலை ஏதாவது விழ வேண்டும். கல்லில் இருந்து வீட்டு மூலைக்கும் கிணற்றுக்கட்டுக்கும் டேப் பிடித்து எழுதி வையுங்கள். மேசன்மார் மதில் கட்டும்போது கல்லைப் பிடுங்கிவிட்டு "அதே இடத்தில வைச்சனான்" என்பார்கள். பழைய 1961 கல்லைப் பிடுங்கவே கூடாது, புதுக் கல்லை அதோடு ஒட்டி நடச் சொல்லுங்கள்.

---

நல்லதண்ணிக்கிணறு | 26 மே, இரவு 10.40

கல் போட்டாகிவிட்டது, நாலு மூலையும். படமும் அளவும் தம்பியின் போனிலும் என்னிடமும் இருக்கின்றன. கிழக்கு அண்ணை வெட்டின இருபது அடி அத்திவாரத்தை மூடிவிட்டுக் கல்லில் இருந்து கயிறு கட்டிப் புதிதாக வெட்டுகிறார். எங்கள் முன்வேலியை வருகிற கிழமை உள்ளே எடுக்கிறோம்.

ஒன்றுதான் பாக்கி. ஒழுங்கைக்குப் போகிற ஒன்றரை அடிக்குள் சின்னம்மாவின் முருங்கை நிற்கிறது. வெட்ட விட மாட்டேன் என்று நிற்கிறார். சேவையர் பிளானில் அதையும் ஒரு வட்டம் போட்டுக் கீறி, பக்கத்தில் முருங்கை என்று எழுதியிருக்கிறார்.

---

சுன்னாகம் சந்தை | 27 மே, காலை 7.20

முருங்கை ஒரு காற்றுக்குத் தானே விழும். இப்போதே ஒரு கொப்பு வெட்டி உள்ளே ஊன்றச் சொல்லுங்கள். கல்லில் இருந்து நாலடி தள்ளி.